சமத்தில் விழும் ஒற்றை அடி: மலைப் பள்ளியில் எல்லாப் பிள்ளைக்கும் பாட்டு வகுப்பு

கேள்வியின் சுருக்கம் இது. நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. நான்காம், ஐந்தாம் வகுப்பைச் சேர்த்து 28 பிள்ளைகள். வாரத்துக்கு இரண்டு பீரியடு, ஒவ்வொன்றும் 40 நிமிடம். படுகர் வீட்டுப் பிள்ளைகள், எஸ்டேட் லயன் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகள், மூன்று இருளர் பிள்ளைகள், ஒரு கோத்தர் பையன், தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்த ஜார்க்கண்ட் குடும்பங்களின் நான்கு பிள்ளைகள். இவர்களில் ஒரு பெண்ணுக்குச் செவித்துணைக் கருவி, இன்னொரு பெண்ணுக்கு மூளை முடக்குவாதம், ஒரு பையனுக்கு ஆட்டிசம். கையில் இருப்பது ஒரு ஆர்மோனியம், ஒரு சின்ன கீபோர்டு, நான்கு பறை. கர்நாடக இசையின் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையில் மூன்றாவதுக்குள் பாதி வகுப்பு கழன்றுவிடுகிறது, கழன்றவர்களுக்கு ஜால்ரா கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன், வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த ஜால்ராவை வாங்கி அலமாரியில் வையுங்கள். சுலபமான வாத்தியம் என்று நினைத்துத்தான் எல்லாரும் அதைக் கொடுக்கிறார்கள். வகுப்பில் இருப்பதிலேயே கடினமானது அதுதான். இரண்டு கையும் ஒரே நேரத்தில் சேர வேண்டும். கொஞ்சம் தப்பினாலும் அந்தத் தப்புதான் அறை முழுக்கக் கணீரென்று கேட்கும். அந்தக் கூர்மையான ஒலி செவித்துணைக் கருவி போட்ட காதில் குத்தும். ஆட்டிசம் உள்ள பையனைக் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓட வைக்கும். பாட முடியாதவருக்கு ஜால்ரா என்பது, நீச்சல் தெரியாதவரை ஆழத்தில் நிற்கச் சொல்வது மாதிரி.

தேறுகிறவர், தேறாதவர் என்று பிள்ளைகளைப் பிரிக்காமல் பாட்டைப் பிரியுங்கள். எட்டு எண்ணிக்கையுள்ள ஒரே ஒரு வரி போதும். அதற்குள் ஐந்தாறு வேலைகள் இருக்கட்டும். ஒன்று மிகச் சுலபம், ஒன்று கொஞ்சம் கடினம். ஆனால் எந்த வேலையை எடுத்துவிட்டாலும் பாட்டு நொண்ட வேண்டும். இந்த ஒரு நிபந்தனையை விட்டுவிட்டால் மறுபடி ஜால்ராவிலேயே வந்து நிற்பீர்கள்.

சரளி வரிசை ஏன் நிற்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். அதைப் பாடும் மாயாமாளவகௌளை ராகத்தில் ச-வுக்கும் ரி-க்கும் இடையே அரைச்சுர தூரம்தான். உடனே ரி-யிலிருந்து க-வுக்கு ஒரு பெரிய தாவல். ப-வைத் தாண்டினால் த-விலும் நி-யிலும் இதே கதை. பழகிய காதுக்கு அது அழகு. வீட்டில் கர்நாடக இசை கேட்காத பிள்ளைக்கும், காது பாதி கேட்கும் பிள்ளைக்கும், ச-வும் ரி-யும் ஒன்றாகவே விழும். ராகத்தைக் குறை சொல்லவில்லை, முதல் மாதத்தில் அதை வைப்பதைத்தான் சொல்கிறேன். இரண்டாவது காரணம் சுருதி. பெண்கள் கச்சேரிக்கு வைக்கும் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் (ச எந்த ஆர்மோனியக் கட்டையில் நிற்கிறது என்பதைச் சொல்லும் எண்) எட்டு வயதுப் பிள்ளைக்குக் கீழ் ச அடித்தொண்டையில் போய்ச் சிக்கும். முனகல்தான் வரும். அதைக் கேட்டு "இவளுக்குச் சுருதி சேரவில்லை" என்று எழுதிவிடுகிறோம்.

ஒன்றரைக் கட்டைக்கு மாறுங்கள். எண் சின்னது என்றாலும், பிள்ளைகள் பாடுவது அந்த ஐந்துக்கு மேலே, அடுத்த ஸ்தாயியில் (சுரங்களின் அடுத்த அடுக்கில்) வரும் ஒன்றரை. பிள்ளைகளின் குரலில் ஒன்றரைக் கட்டை ச-விலிருந்து த வரை பாடுவது, பெரும்பாலான எட்டிலிருந்து பதினொரு வயதுப் பிள்ளைகளுக்குத் தொண்டை இறுகாத இடம். ஆண் ஆசிரியர் பாடிக்காட்டினால் சில பிள்ளைகள் அவருடைய கீழ் ஸ்தாயியைப் பிடிக்கப் பார்த்து உறுமுவார்கள். ஆகவே முதல் சுரத்தைக் கீபோர்டில், பிள்ளைகளின் ஸ்தாயியில் கொடுங்கள்.

ஒன்றரைக் கட்டைக்கு இன்னொரு லாபம் உண்டு. இந்தப் பதிலில் மிகவும் உபயோகமான செய்தி இதுவாகத்தான் இருக்கும். ஆர்மோனியத்தில் வெள்ளைக் கட்டைகள் முழு எண், கருப்புக் கட்டைகள் அரை எண். ஒன்றரைக் கட்டையை ச என்று வைத்துக் கருப்புக் கட்டைகளை மட்டும் வரிசையாகத் தொட்டால் ச ரி ம ப த, அதாவது சுத்த சாவேரி. நாலரையை ச என்று வைத்தால் அதே கருப்புக் கட்டைகள் மோகனம். ஐந்தரையில் மத்தியமாவதி, ஆறரையில் ஹிந்தோளம், இரண்டரையில் சுத்த தன்யாசி. ஆக, "கருப்பை மட்டும் தொடு கண்ணு" என்று சொன்னால் போதும், எதைத் தொட்டாலும் ராகத்துக்குள்தான் இருக்கும். ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் வழியில் கற்பிப்பவர்கள், வேண்டாத பட்டைகளைக் கழற்றி வைக்கக்கூடிய சைலஃபோனை இதே நோக்கத்துக்காகத்தான் வைத்திருக்கிறார்கள். நமக்கு அந்தச் செலவு வேண்டாம். கருப்புக் கட்டை மேடாக இருப்பதால் விரல் தனித்தனியாக மடங்காத பிள்ளை முட்டியாலும் உள்ளங்கை ஓரத்தாலும் அழுத்தலாம். கண் தெரியாத பிள்ளை வந்தால், கருப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாகக் கூடி நிற்பதை விரல் தானே கண்டுபிடிக்கும். இரண்டு நிற்கிற கூட்டத்தில் இடப்பக்கத்துக் கட்டைதான் ச. அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிடுங்கள். ஆர்மோனியத்தில் ஒரு கை மட்டும் வேலை செய்யும் பிள்ளை வாசிக்க, பக்கத்துப் பிள்ளை துருத்தியை அசைக்கட்டும். இருவருக்கும் அது நிஜமான வேலை, ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் வாசிக்க முடியாது.

வரி இதுதான், எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்துக்கு அளந்து வைத்தது:

ச ரி ம ப | த ப | ம ரி ||

முதல் வேலை சுருதி. ச-வை மட்டும் ஊம் என்று பிடித்துக்கொண்டிருப்பது, அல்லது கீபோர்டில் பொட்டு வைத்த கட்டையை அழுத்திக்கொண்டிருப்பது. பேச்சு வராத பிள்ளையும் ஒரே ஒரு ஒலியைப் பிடிக்கக்கூடும். இரண்டாவது சமம்: எட்டு எண்ணிக்கையில் முதல் எண்ணிக்கைக்கு மட்டும் ஒரு கனத்த அடி. மூன்றாவது தாளக் கிரியை: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு (வீச்சு என்பது உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவது). விரல் எண்ண வராதவர்கள் தொடையில் நான்கு முறை தட்டலாம். வீச்சு மட்டும் எல்லாருக்கும் பொது. நான்காவது தகதிமி தகஜொணு என்று சொற்கட்டை விடாமல் சொல்வது. ஐந்தாவது வரியைப் பாடுவது. ஆறாவது, பாடுகிறவர்கள் ஒரு சுற்று ஓயும்போது அந்த எட்டு எண்ணிக்கைக்குக் கருப்புக் கட்டையில் மனம்போல வாசிப்பது.

சமத்தின் அடியை மூளை முடக்குவாதம் உள்ள பெண்ணிடம் கொடுங்கள். எல்லாவற்றிலும் சின்ன வேலை மாதிரி தெரிந்தாலும், அது விழாவிட்டால் அடுத்த சுற்றை எங்கே தொடங்குவது என்று 27 பேருக்கும் தெரியாது. நிமிடத்துக்கு 60 எண்ணிக்கை என்ற வேகத்தில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே அவளுக்கு எட்டு நொடி கிடைக்கிறது. கையைத் தூக்க நினைப்பதற்கும் கை எழும்புவதற்கும் இடையே அவளுக்கு நேரம் ஆகும். அதற்கு எட்டு நொடி தாராளம். இங்கே வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று. அவள் அடி அரை எண்ணிக்கை பிந்தி விழுந்ததும் ஆசிரியர் எல்லாரையும் நிறுத்திக் காத்திருக்கிறார். பாட்டு தள்ளாடும், அவளுக்கும் தன்னால்தான் நின்றது என்று தெரிந்துவிடும். அதற்குப் பதில், அடிக்கச் சொல்லி ஒரு பிள்ளை அவளுக்குக் கை காட்டும் குறிப்பை முன்னால் தள்ளுங்கள். எட்டாவது எண்ணிக்கையில் கை காட்டிக்கொண்டிருந்த பிள்ளை ஆறாவதிலோ ஏழாவதிலோ காட்டட்டும். மூன்று நான்கு சுற்றில் சரியான இடம் அகப்பட்டுவிடும்.

அவள் கையிலிருக்கும் குச்சி பற்றி. மெல்லிய குச்சி அவள் பிடியில் நிற்காது. எட்டு முதல் பத்து அங்குல நீளத்தில் ஒரு கட்டைக் குச்சியை எடுத்து, பழைய சைக்கிள் கைப்பிடி ரப்பரை மாட்டுங்கள், அல்லது துணியைச் சுற்றி மூன்று நான்கு சென்டிமீட்டர் பருமன் வரும்வரை ஏற்றுங்கள். உள்ளங்கையைச் சுற்றி அகலமான எலாஸ்டிக் பட்டை ஒன்று தைத்துவிட்டால் விரல் விரிந்தாலும் குச்சி விழாது. அடிக்க வேண்டியது 20 லிட்டர் பெயின்ட் வாளி, கவிழ்த்து வைத்தது. நல்ல அடிக்குரல் அதற்கு உண்டு. வாளி அவளுடைய நன்றாக அசையும் கைப்பக்கம், முழங்கை உயரத்தில், அவளை நோக்கிக் கொஞ்சம் சாய்ந்து இருக்கட்டும். கால் தொங்கக் கூடாது; தரை எட்டாவிட்டால் இரண்டு செங்கல் வையுங்கள். கால் ஊன்றினால்தான் கை அடங்கும். இன்னொன்று: திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு முழுக்கத் தூக்கிவாரிப்போடுவது இந்தப் பிள்ளைகளுக்குச் சகஜம். அவளுக்குப் பின்னால் பறையை வைக்காதீர்கள். அடிக்கப்போகிற கைகள் அவள் கண்ணில் படும்படி உட்கார வையுங்கள்.

மொழிக்கு வருகிறேன். சொற்கட்டை ஒரு முக்கிய வேலையாக வைத்ததற்குக் காரணம், தகதிமி யாருக்கும் தாய்மொழி கிடையாது. படுகர் மொழியான படுகு பேசுகிற பிள்ளையும் ஜார்க்கண்டின் சாதிரி மொழி பேசுகிற பிள்ளையும் அங்கே ஒரே கோட்டில் நின்று தொடங்குகிறார்கள். தமிழ்ப் பாட்டோடு வகுப்பைத் தொடங்கினால் ஜார்க்கண்ட் பிள்ளை முதல் நிமிடமே கடைசி பெஞ்சு. மூன்றுக்குத் தகிட, நான்குக்குத் தகதிமி, ஐந்துக்குத் தக தகிட, ஏழுக்குத் தகிட தகதிமி என்று நீங்கள் சொல்ல, அவர்கள் திருப்பிச் சொல்ல, ஐந்து நிமிடத்தில் வாய் திரும்பிவிடும். அதற்குப் பிறகு அவரவர் வீட்டு மொழியில் எட்டு வரை எண்ணச் சொல்லுங்கள். இந்தியில் ஒன்றிலிருந்து எட்டு வரை எல்லாமே ஓரசை, எண்ணிக்கைக்கு ஒன்றாகக் கச்சிதமாக உட்காரும். தமிழில் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று ஒவ்வொன்றும் இரண்டாகத் தெறிக்கும், அதே வேகத்தில் இரட்டிப்பாகக் கேட்கும். முதல் காலம், இரண்டாம் காலம் என்பதை இதைவிடத் தெளிவாகப் புரியவைக்க முடியாது. (இந்தி நாலு வரும்போது "சார்" என்று யாரோ உங்களைக் கூப்பிட்டதாக நினைத்து வகுப்பு சிரிக்கும். சிரிக்கட்டும்.) படுகில் எண்ணும்போது நீங்களும் மாணவராக உட்கார்ந்து உச்சரிப்பைத் திருத்திக்கொள்ளுங்கள்.

வகுப்பை எப்படித் திறப்பது என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். குளிர்காலக் காலையில் விரல் விறைத்திருக்கும். முதல் இரண்டு நிமிடம் உள்ளங்கையைத் தேய்ப்பதையே தாளத்தோடு செய்யுங்கள்: நான்கு தேய்ப்பு, நான்கு தட்டு. பிறகு பெயர்ச் சுற்று. ஆளுக்கு நான்கு எண்ணிக்கை. அடுத்த நான்கில் வகுப்பு அதைத் திருப்பும். பெயரைப் பாடலாம், வாளியைத் தட்டலாம், ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். அமைதியாக இருந்தால் வகுப்பும் நான்கு எண்ணிக்கை அமைதியாக இருந்து திருப்பும். இந்த விதி ஆட்டிசம் உள்ள பையனுக்காக வைத்தது மாதிரி தோன்றும். கூச்சப்படுகிற பத்துப் பிள்ளைகளுக்கும் அதுதான் கதவு. 28 பேருக்கு எட்டெட்டு எண்ணிக்கை என்றால் 224. நிமிடத்துக்கு 75 என்ற வேகத்தில் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும், பீரியடைத் தின்னாது. அதன்பின் சொற்கட்டுக்கு ஏழெட்டு நிமிடம், வரியை அடுக்க ஒரு கால் மணி, வேலைகளை மாற்றிக்கொள்ள எட்டு நிமிடம், கடைசியில் எப்போதும் ஒரே முடிப்புப் பாட்டு. முடிப்புப் பாட்டை மட்டும் வருஷம் முழுக்க மாற்றாதீர்கள்.

அந்தப் பையனுக்கு இந்த மாறாமைதான் பெரிய உதவி. கை தேய்ப்பது, பெயர், வாய், வாளி, கீபோர்டு, முடிப்பு என்று ஆறு படங்களை அட்டையில் வரிசையாக ஒட்டி, முடிந்ததை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டே போங்கள். அடுத்தது என்ன என்று தெரிந்தால் பாதிப் பதற்றம் அடங்கும். கதவுப் பக்கம் இடம் கொடுங்கள், வெளியே போய் வர அனுமதி கேட்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காதை மூடும் ஹெட்ஃபோன் மாதிரியான பாதுகாப்புக் கவசம் ஒன்று அலமாரியில் இருக்கட்டும், வேண்டும்போது யாரும் எடுக்கலாம். "இப்போது பறை" என்று சொல்லி, கையைத் தூக்கிக் காட்டி, பிறகே முதல் அடி. முகத்தைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அவன் தாளம் தப்பாமல் இருக்கக்கூடும். இதுபோன்ற பிள்ளைகளில் சிலருக்குச் சுரத்தை அப்படியே பிடித்துவைக்கும் காது இருக்கும். இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தே தீரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

செவித்துணைக் கருவி விஷயத்தில்தான் நல்ல ஆசிரியர்களும் தடுக்கி விழுகிறார்கள். கருவி பேச்சுக்காக ஆனது. மாறாமல் நீளுகிற ஒலியை அது இரைச்சல் என்றோ, தன் சொந்த விசில் என்றோ எண்ணிக் குறைத்துவிடும். சுருதிப் பெட்டி அப்படிப்பட்ட ஒலிதான். நீங்கள் "சுருதியைக் கேட்டுப் பாடும்மா" என்று சொல்லும்போது அவள் காதில் சுருதி தேய்ந்து தேய்ந்து வருகிறது. கருவியைப் பொருத்திக்கொடுத்த ஒலியியல் நிபுணரிடம் இசைக்கென்று தனி புரோகிராம் போட்டுத்தரும்படி பெற்றோரைக் கேட்கச் சொல்லுங்கள், டிஜிட்டல் கருவிகள் பலவற்றில் அந்த வசதி உண்டு. அறைக்குள், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள். உங்கள் முகம் நிழலானால் உதடு தெரியாது. அவளுக்கு உங்களிடமிருந்து நான்கைந்து அடி தூரத்தில், நன்றாகக் கேட்கும் காது உங்கள் பக்கம் இருக்கும்படி இடம். பறைக்குப் பக்கத்தில் வேண்டாம். ச இடுப்பில், ரி வயிற்றில், ம நெஞ்சில், ப தோளில், த தலைமேல் என்று கையால் உயரம் காட்டிப் பாடுங்கள். இது மொத்த வகுப்புக்கும் சுரம் ஏறி இறங்குவதைக் கண்ணில் காட்டும். கோக்லியர் இம்பிளான்ட் (அறுவைசிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் கருவி) வைத்த பிள்ளை என்றால் தாளம் அனேகமாக நன்றாக வரும், சுர உயரம் தெளிவாகத் தெரியாது. அபஸ்வரம் என்று திருத்திக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

அதிர்வை உடம்புக்குக் கொண்டுபோக ஒரு பலகை செய்யலாம். எட்டுக்கு நான்கு அடி ப்ளைவுட் தகட்டை நடுவில் அறுத்தால் நான்குக்கு நான்கில் இரண்டு கிடைக்கும். 6 மில்லிமீட்டர் போதும். நான்கு ஓரத்திலும் அடியில் ஒரு அங்குல ரீப்பர் (மரச்சட்டம்) அடித்துத் தரையிலிருந்து தூக்குங்கள். நடுவில் ரீப்பர் கூடாது, வெற்றிடம்தான் அதிரும். ஒரு பிள்ளை செருப்பில்லாமல் அதன்மேல் உட்கார, மேல் ஓரத்தில் யாராவது வாளியைக் கவிழ்த்து அடித்தால் சமம் எலும்பில் தெரியும். ஸ்காட்லாந்தின் தாளக் கலைஞர் ஈவ்லின் கிளெனி 12 வயதுக்குள்ளாகவே கேட்கும் திறனைப் பெரும்பாலும் இழந்தவர். வெறுங்காலோடு நின்று அதிர்வை வாங்கித்தான் வாசிக்கிறார். பலூனைக் கையில் பிடித்து அதிர்வை உணரச் சொல்வதும் நல்ல உத்தி. ஆனால் அது வெடித்தால் ஆட்டிசம் உள்ள பையன் அந்த மாதம் முழுக்க அறைக்குள் வர மாட்டான். பலகையே மேல். மூடுபனிக் காலத்தில் கருவிக்குள் ஈரம் கோத்துச் சத்தம் விட்டு விட்டு வரும். இரவில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள்.

மற்றவை சுருக்கமாக. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்குக் கேட்டு நினைவில் வைப்பதைவிடப் பார்த்து நினைவில் வைப்பது சுலபம், ஆகவே படம், கைச்சைகை. கழுத்து மூட்டு தளர்வாக இருக்கலாம் என்பதால் தலையைச் சிலுப்புகிற ஆட்டம், குட்டிக்கரணம் கூடாது. திக்குவாய் உள்ள பிள்ளை பாடும்போது பெரும்பாலும் திக்காமல் பாடும். அதை அதிசயம் மாதிரி ஊரைக் கூட்டிக் காட்ட வேண்டாம். எழுத்து கலங்கித் தெரியும் பிள்ளைக்குச் சுரத்தை முதலில் பாட வைத்துப் பிறகு பெரிய எழுத்தில் காட்டுங்கள். வண்ணம் கொடுத்தால் கூடவே வட்டம், சதுரம் என்று வடிவமும் கொடுங்கள், சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத பையன்கள் உண்டு. ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளைக்கு வாத்தியம் பரிமாறும் பொறுப்பு. குலுக்கி செய்வதானால் அரை லிட்டர் பாட்டிலில் மூன்று ஸ்பூன் கேழ்வரகு. அரிசி கூர்மையாகக் குத்தும், கேழ்வரகு மெத்தென்று ஒலிக்கும். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் சத்தம் அமுங்கும். மூடியை எம்-சீல் போட்டு அடையுங்கள்.

இனி, கொஞ்சம் நின்று பேச வேண்டிய விஷயம். யாருக்குப் பறை? கோத்தர் பையன் இருக்கிறான், அவர்கள் பரம்பரையாக வாத்தியக்காரர்கள், அவனுக்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றும். "உங்க ஆளுங்க நல்லா அடிப்பாங்களே, நீ வாடா" என்கிற வார்த்தை பாராட்டு மாதிரிதான் வாயிலிருந்து புறப்படும். கோத்தர்கள் ஒரு காலத்தில் படுகர், தோடர் சாவுகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தார்கள்; அதில் ஒட்டிக்கொண்ட தாழ்வை உதறுவதற்காகவே அந்தச் சேவையைப் பலர் நிறுத்தினார்கள். லயன் பிள்ளைகளில் சிலர் வீட்டில் பறைக்கும் இதே வரலாறு. ஆகவே பறை எல்லார் கைக்கும் சுற்றி வர வேண்டும், வேலைமாற்றத்தின் எட்டு நிமிடம் அதற்காகத்தான். வரிசை பெயர்ப் பட்டியல்படி போகட்டும், உங்கள் கண் தேர்ந்தெடுக்க வேண்டாம். எந்தப் பிள்ளையின் வீட்டிலாவது "எங்க பொண்ணு அதைத் தொடக் கூடாது" என்று வந்தால், அரசுப் பாடவேளையில் எல்லாப் பிள்ளையும் எல்லா வாத்தியமும் வாசிக்கும் என்று தலைமையாசிரியர் வாயால் சொல்ல வையுங்கள்.

அந்தந்தச் சமூகத்தின் இசையை வகுப்புக்குக் கொண்டுவருவது நல்லது, கேட்டுக்கொண்டு கொண்டுவருவது இன்னும் நல்லது. கோத்தர்களிடம் கொல் என்கிற ஊதுவாத்தியமும் கொம்பும் பறைகளும் உண்டு. சாமிக்கு வாசிப்பது வேறு, சாவுக்கு வாசிப்பது வேறு, ஆட்டத்துக்கு வாசிப்பது வேறு. சாவு மெட்டை வகுப்பறையில் வாசிக்கச் சொன்னால் அந்த வீட்டில் யாருக்கும் பிடிக்காது. பெரியவர் ஒருவரை அழைத்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: பிள்ளைகள் பாடலாமா, பெண் பிள்ளைகளும் வாசிக்கலாமா, போனில் பதிவு செய்யலாமா. மூன்றுக்கும் தனித்தனிப் பதில் வரும். வந்து போகிற செலவையும் சம்பளத்தையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள், மாலை மரியாதையோடு முடித்துவிடாதீர்கள். படுகர் ஆட்டம் வட்டமாக, ஒரே அடிவைப்பு திரும்பத் திரும்ப வருவது. இருளர் ஆட்டமும் வட்டம்தான். சக்கர நாற்காலியோ வாக்கரோ வட்டத்துக்குள் சுலபமாகச் சேரும், முன்வரிசை பின்வரிசை என்ற பேச்சு எழாது.

தோல் வாத்தியத்துக்கு இந்த மலை எதிரி. வடகிழக்கு மழை பிடித்துவிட்டால் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் பறைத்தோல் தொய்ந்து தொப் தொப் என்கும். பிள்ளை பலமாக அடிக்கிறது, சத்தம் வரவில்லை, இன்னும் பலமாக அடிக்கிறது, மணிக்கட்டு வலிக்கிறது. தனக்கு அடிக்கத் தெரியவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறது. ஊரில் வைக்கோல் கொளுத்திக் காய்ச்சுவார்கள். பள்ளியில் நெருப்பு வேண்டாம். 100 வாட் குண்டு பல்பின் கீழே ஓர் அடி தள்ளி 15, 20 நிமிடம் வைத்துத் தட்டிப் பாருங்கள். கையால் தொட்டால் இளஞ்சூடு, அதற்கு மேல் போனால் ஒட்டிய பசை விடும், தோல் வெடிக்கும். புதிதாக வாங்குவதானால் ஃபைபர் முகம் போட்ட பறை வாங்குங்கள், நாதம் கொஞ்சம் குறைவு, ஆனால் எல்லாப் பருவத்துக்கும் ஒரே குரல். மூடிய பீரோவில் பூட்டி வைத்தால் ஒரு மழைக்குப் பூசணம் பூக்கும், ஆர்மோனிய ரீடு துருப்பிடிக்கும். துணிப்பையில் போட்டுச் சுவரில் மாட்டுங்கள்.

சத்தத்தின் அளவையும் கவனியுங்கள். 85 டெசிபெல் என்பது பெரியவர்களுக்கே எட்டு மணி நேர வேலைக்கு எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும், 100 டெசிபெலுக்கு 15 நிமிடம்தான். சின்ன அறைக்குள் நான்கு பறை சேர்ந்தால் அந்தப் பக்கம் போய்விடும். ஒரே நேரத்தில் இரண்டு பறைக்கு மேல் வேண்டாம். வாளிகளுக்கு அடியில் மடித்த துண்டு.

தகரக் கூரையில் மழை கொட்டத் தொடங்கினால் பாட்டை உடனே நிறுத்திவிடுங்கள். எல்லாரும் கத்துவார்கள், செவித்துணைக் கருவிக்காரிக்கு ஒன்றும் புரியாது, பையன் காதைப் பொத்துவான். அந்த நேரத்துக்கென்று சத்தமில்லாத பாடம் ஒன்று கைவசம் இருக்கட்டும்: வட்டமாக உட்கார்ந்து முன்னாலிருப்பவர் முதுகில் விரலால் தகிட தகதிமி எழுத, அது சுற்றி வந்து முதல் ஆளிடம் எப்படிச் சேர்கிறது என்று பார்ப்பது. தொடுவது பிடிக்காத பிள்ளை பலகையில் தட்டிக் கடத்தட்டும்.

ஆண்டு விழாவுக்காகத் தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பேரை மாலையில் நிறுத்திப் பயிற்சி கொடுக்காதீர்கள். எஸ்டேட் ஜீப்பும் கடைசி பஸ்ஸும் போய்விட்டால் பிள்ளை இருட்டில் தேயிலைக் காட்டு வழியே நடக்கும், காட்டெருமை நிற்கிற வழி அது. வகுப்பில் அடுக்கிய அதே வரியை 28 பேரும் செய்யட்டும். படியில்லாத தாழ்வாரமே மேடை. மைக்கை முதல் வாரமே அறைக்குள் கொண்டுவந்து பழக்குங்கள், விழா அன்று அது கீச்சிட்டால் மூன்று பிள்ளைகள் அழுவார்கள். சமத்து அடி அடிக்கிற பெண்ணைப் பட்டுப்பாவாடை கட்டி ஓரத்தில் போட்டோவுக்கு நிறுத்தச் சொல்லி யாராவது கேட்டால், அவள் நடுவில் உட்காராவிட்டால் பாட்டே தொடங்காது என்று சொல்லுங்கள். அது பொய்யில்லை.

உதவிக்கு ஆள் உண்டு. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் பள்ளிக்கு வரும் நாளில் அவர்களைப் பாட்டு வகுப்பில் ஒரு முறை உட்கார வையுங்கள். மூளை முடக்குவாதம் உள்ள பெண் எந்தக் கோணத்தில் உட்கார வேண்டும் என்பதை அவர்கள் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். "இந்தப் பிள்ளைக்குப் பாட்டு எதற்கு" என்று யாராவது இழுத்தால், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவைக் காட்டுங்கள். படிப்போடு விளையாட்டும் பொழுதுபோக்கு நடவடிக்கைகளும் மற்றவர்களுக்குச் சமமாகக் கிடைக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது.

மதிப்பெண் போட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஆளுக்கு ஒரு வரி நோட்டில் எழுதுங்கள்: "ச-வில் நான்கு எண்ணிக்கை நிற்கிறான்", "குறிப்பு ஆறில் காட்டினால் சமம் சரி", "பறை முறை வந்தும் எடுக்கவில்லை". இந்த வரிகளிலிருந்துதான் அடுத்த பாடம் வரும்.

சரளி வரிசையை விட்டுவிடச் சொல்லவில்லை. மூன்றாவது மாதம் அதே ஒன்றரைக் கட்டையில் திரும்பக் கொண்டுவாருங்கள். ச, ம, ப மூன்றும் அவர்களுக்குப் பழகிய கருப்புக் கட்டைகளிலேயே இருக்கும். மாயாமாளவகௌளையின் ரி, க, த, நி நான்கும் பக்கத்து வெள்ளைக் கட்டைகள். எது கருப்பில் நிற்கிறது, எது வெள்ளைக்கு இறங்கியது என்று முதலில் விரல் தேடிப் பார்க்கட்டும், பிறகு வாய் பாடட்டும். செவித்துணைக் கருவிப் பெண்ணுக்கு ச-ரி வித்தியாசம் காதில் விழாவிட்டாலும் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு விரல் இறங்குவது தெரியும்.